குளோவர் பாத்தியில் முள் திரும்பத் திரும்ப வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கேரளத்தின் இடுக்கி மலையில், வட்டவடைப் பக்கம், கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) மரம் வெட்டி எடுத்த மேட்டு நிலத்தில் நாற்பது சென்ட்டை முயலுக்கும் மிளாவுக்கும் தேனீக்கும் என்று ஒதுக்கி வெள்ளைக் குளோவர் என்ற படரும் தீவனச்செடியை விதைத்திருக்கிறோம். வீட்டில் அதற்கு மூணிலைப் புல் என்றே பெயர். அந்த நிலத்தில் வருடா வருடம் நான் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: காட்டு ராஸ்பெரி வகையான முள்ளுப்பழச் செடியை அடக்குவது. முள் என்று நான் எழுதுவது அதைத்தான். ஆரம்பத்தில் கண்டபடி வெட்டினேன். வெட்ட வெட்ட அது கூடியது. முள் எப்படி வருகிறது என்று பார்த்து அதற்கேற்ற வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் பாத்தி, பாத்தியாகவே நின்றது. காந்தலூர், கொட்டக்கம்பூர், கோவிலூர் பக்கம் இதே போல நிலம் விட்டிருக்கும் சிலர் என்னிடம் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை முதலில். பூண்டு, உருளை போட்ட தோட்டத்தை ஒட்டி இப்படிப் பாத்தி போடாதீர்கள். மிளாவும் பன்றியும் எல்லை பார்த்து மேய்வதில்லை. சோலை ஓரமாக, தோட்டத்திலிருந்து விலகி இருக்கிற நிலமே இதற்குச் சரி.

## எதையும் வெட்டுவதற்கு முன்: இழுத்துப் பாருங்கள்

தடித்த தோல் கையுறை போட்டு, செடியை மண்ணுக்கு ஒட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

நூல் மாதிரி வேரோடு முழுதாகக் கையில் வந்தால் அது விதையில் முளைத்த கன்று. வராமல் பிடித்துக்கொண்டு, பக்கத்து மண் ஒரு கோடாக மேலே எழும்பினால் அது வேரிலிருந்து வந்த பக்கக்கன்று. செடியிலிருந்து ஒரு தண்டு வளைந்து போய் வேறொரு புதரில் முடிந்தால், அந்தப் புதரின் நுனி மண்ணைத் தொட்டு வேர்விட்டிருக்கிறது. கீழே உள்ள எல்லா வழியும் இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தது. அதனால் பாத்தியில் நாலைந்து இடத்திலாவது இழுத்துப் பாருங்கள்.

எந்த முள் என்பதும் தெரிய வேண்டும். தண்டு முழுக்கச் செம்மயிர் அடர்ந்து, மூன்று மூன்று இலையாக, மஞ்சள் பழம் பழுப்பது ஒன்று. அது வேரிலிருந்து கன்று விடும் ஜாதி. தண்டில் வெள்ளைப் பொடி பூசினாற்போல இருந்து, இலையைத் திருப்பினால் வெள்ளையாகவும் பழம் கறுப்பாகவும் இருந்தால் அது மற்றொன்று. அதன் நீளத் தண்டுகள் வில்லாக வளைந்து மண்ணைத் தேடும். இரண்டும் எங்கள் மலைக்காரச் செடிகள்தான், வெளியிலிருந்து வந்த களை அல்ல. அதனால் அடக்குவது என்று சொல்கிறேனே தவிர, ஒழிப்பது என்று சொல்லவில்லை.

மறையூர்ப் பக்கம் கீழே இருப்பவர்களுக்கு: உங்கள் நிலத்தில் இருப்பது பெரும்பாலும் உண்ணிச்செடியாக இருக்கும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, வைத்தியமும் வேறு. மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காய விட வேண்டும். இங்கே சொல்வது மேல்மலை முள்ளுக்கு மட்டும்.

## அறிகுறி 1: வெட்டினேன், ஒரு மாதத்துக்குள் முன்னைவிடப் புதராக நிற்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். நானும் மூன்று வருடம் இதில்தான் கழித்தேன்.

எளிய காரணம்: ஒரே ஒரு முறை வெட்டியது. ஒரு தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு தண்டு வரும். ஒரு வெட்டு என்பது இந்தச் செடிக்குக் கவாத்து மாதிரி. வெட்டுவதென்றால் புதுத்துளிர் முழங்கால் உயரம் வருவதற்குள் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். வளரும் காலத்தில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு வருடம். அடியில் சேமித்த சத்தைச் செடி செலவழித்துக்கொண்டே இருக்கும், இலை மூலம் திருப்பிச் சேர்க்க நாம் விடுவதில்லை. நடுவில் இரண்டு மாதம் விட்டுவிட்டால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சோதனை: துளிரின் தடிமனைப் பாருங்கள். முதல் வெட்டுக்குப் பிறகு வந்தது சுண்டுவிரல் கனம், நாலாம் வெட்டுக்குப் பிறகு வந்தது ஈர்க்குச்சி கனம் என்றால் செடி தளர்கிறது, தொடருங்கள். கனம் குறையவே இல்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்த காரணம்: அடிமுண்டு மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. எங்கள் பெரியப்பா ஒருநாள் வரப்பில் நின்று நான் கொடுவாள் வீசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மேல வெட்டி என்ன செய்யிற? அடியத் தோண்டு." கொத்தை வாங்கி, தண்டுகள் எல்லாம் ஒன்று கூடுகிற இடத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நாலு பக்கமும் கொத்தினார். மண் தளர்ந்ததும் கடப்பாரையைக் கீழே விட்டு நெம்பினார். பழுப்பு நிறத்தில், இஞ்சியை முறுக்கி வைத்த மாதிரி ஒரு முண்டு வெளியே வந்தது. அதன் மேல்பக்கம் முழுக்க ஊசிமுனை அளவில் சிவப்பு மொட்டுகள். நான் மேலே வெட்டிய ஒவ்வொரு தண்டுக்கும் பதிலாக இரண்டு மூன்று மொட்டு அங்கே தயாராக இருந்தது.

அந்த முண்டு ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கீழே அறுந்து நிற்கும் மெல்லிய இறங்குவேரைப் பற்றிக் கவலை வேண்டாம். கடுமழை விட்டு மண் ஈரமாக இருக்கும் நாட்களில் தோண்டுங்கள். எங்களுக்கு அது ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற சமயம். மாசியில் காய்ந்த மண்ணில் நெம்பினால் முண்டு பாதியில் உடையும், உள்ளே நிற்கிற பாதி மறுபடி துளிர்க்கும்.

ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை முண்டு எடுக்க முடியும் என்பது சரிவையும் கல்லையும் பொறுத்தது. அவசரப்பட்டு அரைகுறையாக நூறு எடுப்பதைவிட முழுதாக முப்பது எடுப்பது மேல். எடுத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தக் குச்சிகளை மட்டும் சுற்றிவந்தால் எது தப்பியது என்று தெரிந்துவிடும்.

செலவான காரணம்: வேரிலேயே கன்று விடும் ஜாதி, பாத்தி முழுக்கப் பரவிவிட்டது. இழுத்தபோது மண் கோடாக எழும்பியதா? அப்போது முண்டை எடுத்தாலும் கிடைமட்ட வேர் மிச்சம் இருந்து துளிர்க்கும். வேரைக் கையால் பின்தொடர்ந்து உருவ வேண்டும். பத்துப் பதினைந்து சென்ட்டுக்கு மேல் இப்படிப் பரவியிருந்தால் தனி ஆளால் ஆகாது. கூலிக்கு ஆள் வைத்து ஒரே மூச்சில் தோண்டி, அந்தப் பகுதியில் குளோவரை மறுபடி விதைப்பதுதான் வழி.

ஜேசிபி விட்டால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்று தோன்றும். சரிவில் வேண்டாம். மேல்மண் புரண்டு அடுத்த மழையில் கீழ்நிலத்துக்குப் போய்விடும், உடைந்த வேர்த்துண்டுகளைப் பாத்தி முழுக்க விதைத்த மாதிரியும் ஆகும்.

மருந்து அடிக்கலாமா? கூடாது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியின் விற்பனையையும் பயன்பாட்டையும் கேரளம் 2019-லேயே தடை செய்தது. 2022-ல் மத்திய அரசும், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி செய்யும் உரிமம் பெற்றவர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. எல்லை தாண்டி வாங்கி வருவதும் இந்த நிலத்தில் அடிப்பதும் சட்டப்படி தவறு. சட்டத்தை விடுங்கள், குளோவரும் முள்ளும் இரண்டுமே அகன்ற இலைச் செடி. முள்ளைக் கொல்லும் மருந்து குளோவரைத் தனியாகப் பிரித்து விட்டுவைக்காது. முயல் மேயவென்று வளர்த்த இலையில் மருந்து தெளிப்பதற்கு அந்தப் பாத்தியே இல்லாமல் இருக்கலாம்.

## அறிகுறி 2: ஓரத்திலிருந்து வரிசையாக உள்ளே வருகிறது

வேலியோரத்தில் அல்லது சோலையோரத்தில் தாய்ப்புதர் இருக்கும். அதிலிருந்து ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்), ஒன்றரைப் பாகம் தூரத்தில் புதுச்செடிகள் வரிசை பிடித்து நிற்கும். இது நுனி வேர்விடுதல்.

நல்ல செய்தி, சரிசெய்வதில் இதுதான் சுலபம். தண்டு வளைந்து நுனி தரையைத் தொடுவதற்கு முன் அதை வெட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஓரத்தை ஒரு சுற்று சுற்றிவந்தால் போதும். ஏற்கெனவே வேர்விட்டதை இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும்: தாய்ப் பக்கத்துத் தண்டை வெட்டி, நுனியையும் பிடுங்கி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் ஒரு செடி இரண்டு செடி ஆகும், அவ்வளவுதான்.

வெட்டிய பச்சைத் தண்டை ஈரமண்ணில் போட்டுவிட்டு வராதீர்கள். பாறை மேல் விரித்துக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் அடைத்தால் மாடு உள்ளே வராது. தீ வைக்க வேண்டாம். தை முதல் சித்திரை வரை இந்தப் புல்மேடு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

## அறிகுறி 3: நடுப்பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்றுகள்

இது பறவை போட்ட விதை. முதலில் மேலே பாருங்கள், கன்றுக்கு நேர் மேலே கம்பமோ பட்டமரமோ கம்பியோ இருக்கிறதா? கொண்டைக்குருவி உட்கார்ந்து எச்சமிடும் இடத்துக்குக் கீழே கன்றுகள் கூட்டமாக வரும். நடுவில் நிற்கும் தேவையில்லாத கம்பத்தை எடுத்து ஓரத்தில் நட்டால் பாதிக் கன்று ஓரத்தோடு நின்றுவிடும். மரம் என்றால் வெட்ட வேண்டாம், அதன் அடியை மட்டும் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே எதுவும் இல்லையென்றால் கீழே பாருங்கள். கன்று நிற்கும் இடத்தில் வெறும் மண் தெரிகிறதா? காட்டுப்பன்றி கிளறிய இடம், மழைநீர் அறுத்த இடம், நீங்களே முண்டு தோண்டி மூடாமல் விட்ட குழி, இவை எல்லாமே முள்ளுக்கு நாற்றங்கால். விதை மண்ணில் பல வருடம் கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். அடர்ந்த குளோவருக்கு அடியில் அதற்கு வெளிச்சம் கிடைப்பதில்லை.

கன்றைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிரமம் உண்டு. மஞ்சள் பழ ஜாதிக்கும் மூன்று இலை, குளோவருக்கும் மூன்று இலை. குனிந்து பார்க்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குளோவர் இலை வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் நடுவில் வெளிர்நிறத்தில் ஒரு வளைகோடு ஓடும். முள்கன்றின் இலையோரம் ரம்பப்பல், நரம்பு பள்ளமாக இறங்கியிருக்கும், காம்பைத் தடவினால் சொரசொரக்கும். காலை பத்து மணிக்கு முன், பனி இருக்கும்போது பார்த்தால் இன்னும் சுலபம். மயிர் உள்ள இலையில் பனித்துளி வேறு மாதிரி நிற்கும், பழகிவிட்டால் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

ஒரு விரல் உயரத்தில் பிடுங்கினால் இரண்டு விரலால் வரும். ஒரு முழம் ஆகவிட்டால் கொத்து வேண்டும்.

## அறிகுறி 4: முள் போனது, குளோவரும் போய்விட்டது

முள்ளை விட இதைத்தான் நான் பெரிய பிரச்சினை என்று சொல்வேன். குளோவர் மெலிந்த இடத்தில்தான் முள் வருகிறது. குளோவர் ஏன் மெலிந்தது என்று பார்க்காமல் முள்ளை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் தோண்டலாம்.

முதலில் வெட்டும் உயரம். புல்வெட்டும் மிஷினைத் தரையோடு தரையாக ஓட்டினீர்களா? குளோவர் தரையில் படரும் தண்டிலிருந்து வளர்வது. தண்டையே சீவிவிட்டால் மீள நாளாகும். நாலு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள்.

அடுத்து நிழல். வெட்டிய முள்ளையும் புல்லையும் பாத்தி மேலேயே குவித்திருந்தால் அதன் அடியில் குளோவர் வெளுத்து அழுகும். அள்ளிவிடுங்கள். கிராண்டிஸ் கட்டைகள் துளிர்த்து நிழல் கட்டியிருந்தால் அந்தத் துளிரை அடிக்கடி உடைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குத்தான், திரும்பத் திரும்ப.

அப்புறம் புல் மிஞ்சுவது. யூரியாவோ அதிகச் சாணமோ போட்டால் புல்தான் எழும்பும், குளோவர் அடங்கிவிடும். குளோவர் தன் தழைச்சத்தைத் தானே வேர்முடிச்சில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு யூரியா வேண்டாம்.

பிறகு மண்ணின் புளிப்பு. எங்கள் மேல்மலை மண் புளிப்பு மண். வெள்ளைக் குளோவருக்கு கார அமில நிலை 6-லிருந்து 6.5 வரை இருந்தால் பிடிக்கும். 5-க்குப் பக்கத்தில் இருந்தால் முளைத்து, மஞ்சளித்து, அப்படியே நின்றுவிடும். முள் இதே மண்ணில் காட்டில் செழித்துக் கிடக்கிறது, அதற்கு இந்தப் புளிப்பு தடையில்லை. ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் இருந்து, நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேர் வேலை செய்கிறது. முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருக்கிறது என்றால் மண்ணை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் கிருஷிபவனுக்கு (வேளாண் அலுவலகத்துக்கு) போங்கள். பரிசோதனை அறிக்கையில் சொல்கிற அளவுக்குக் கும்மாயமோ (சுண்ணாம்பு) டோலமைட்டோ போடுங்கள். கண்ணளவில் அள்ளி வீசாதீர்கள், இந்த ஒரு இடத்தில் கேட்டுச் செய்வதுதான் சிக்கனம்.

கடைசியில், செலவானது: மறுவிதைப்பு. குளோவர் விதை மிகச் சிறியது, ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். புல்லோடு கலந்து விதைத்தால் சென்ட்டுக்குப் பதினைந்து, இருபது கிராம் போதும். மணலோடு கலந்து தூவி, முள்வாரியால் லேசாகக் கீறி, காலால் மிதித்துவிடுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் வராது. நிலக்கடலைக்கும் பயறுக்கும் விற்கும் ரைசோபியம் பொட்டலம் குளோவருக்கு உதவாது, அதற்குரிய நுண்ணுயிர் வேறு. நான் செய்வது இதுதான்: குளோவர் நன்றாக நிற்கும் பழைய இடத்திலிருந்து இரண்டு கை மண் எடுத்து விதையோடு கலந்து தூவுவேன்.

தோண்டிய குழி ஒவ்வொன்றையும் அன்றைக்கே மூடி, ஒரு சிட்டிகை விதை போட்டுவிட்டு நகருங்கள். ஒரு சின்ன டப்பாவில் விதையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனால் மறக்காது.

## அறிகுறி 5: பாத்தி சுத்தமாக இருக்கிறது, ஒரு உயிரும் வருவதில்லை

முள்ளை ஓரம் வரை மழித்துவிட்டீர்கள். முயல் வெட்டவெளியில் அதிக தூரம் வராது, ஓடி ஒளியப் புதர் பக்கத்தில் வேண்டும். கேளையாடும் காட்டுக்கோழியும் அப்படித்தான். பாத்தியின் ஒரு பக்கம், முடிந்தால் சோலையைப் பார்த்த பக்கம், இரண்டு மூன்று பாக அகலத்துக்கு முள்ளை விட்டுவையுங்கள். பழம் கொண்டைக்குருவிக்கு மட்டுமல்ல. இந்த மலைகளுக்கே உரிய பழனி சிரிப்பான் என்ற பறவையும் இதைத் தின்னும். அந்த ஓரத்தை அறிகுறி 2-ல் சொன்னபடி நுனி வெட்டி நிறுத்தினால் உள்ளே வராது.

அந்தப் பக்கத்தில் தை முதல் ஆனி வரை அரிவாள் வைப்பதற்கு முன் கிளையை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும் வரை தொடாதீர்கள்.

நாய்கள் வந்துபோகும் தடம் இருந்தாலும் எதுவும் வராது. வேலியை அடைப்பது தவிர வேறு வழி இல்லை.

## எப்போது மற்றவரைக் கூப்பிடுவது

வனத்துறை: நிலம் குறிஞ்சிமலை சரணாலய எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ இருந்தால், ஒரு தண்டு வெட்டுவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். அது 2006-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், எல்லை விஷயத்தில் நம் நினைப்புக்கு மதிப்பில்லை. பாத்தியில் காட்டெருமை தங்கிப் படுக்கத் தொடங்கினாலும் விரட்டப் போகாமல் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மாட்டு டாக்டர்: பக்கத்து வீட்டு மாடு வேலி தாண்டி, பனி ஈரத்தோடு வெறும் குளோவரை வயிறு முட்ட மேய்ந்தால் வயிறு உப்பிவிடும். இடதுபக்க வயிறு மத்தளம் மாதிரி எழும்பி, மாடு மூச்சுக்குத் திணறினால் கைவைத்தியம் பார்த்து நேரம் கழிக்காதீர்கள். சில மணி நேரத்தில் மாடு போய்விடும்.

மனித டாக்டர்: முள் ஆழமாகக் குத்தி, மறுநாள் அந்த இடம் சூடாக வீங்கினால் போங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள். புதரில் வேலை செய்து ஒன்று, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புத் தழும்பு தெரிந்தால், "முள்ளுக்காட்டில் வேலை செய்தேன்" என்ற வார்த்தையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும்.

பச்சைக் குழிவிரியன் இந்தப் புதர்களில் தண்டோடு தண்டாகச் சுருண்டு கிடக்கும். கையை விடுவதற்கு முன் நீளக் கவைக்கோலால் புதரை இரண்டு தடவை அசையுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்காகச் செய்தது, இந்தக் குழிவிரியனுக்கு அல்ல. கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், ஆளை அசைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மலைப்பாதையில் மூணாறு போய்ச் சேரவே நேரமாகும் என்பதால், முண்டு தோண்டும் நாளில் தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர், வண்டி ஒன்று, சார்ஜ் உள்ள போன் ஒன்று வேண்டும்.